ஊருக்குப் போறீங்களா? கட்டுச்சோறு எடுத்துக்குங்க!



ஆடி வந்தால் தாய்வீட்டுப் பயணம். மயிலத்தில் பஸ் ஏறி, திண்டிவனத்தில் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போதே பிள்ளை பசிக்கு அழும்.

"இன்னாத்துக்குச் சோறு கட்டறே? பஸ் ஸ்டாண்டுல வாங்கிக்கலாம்" என்பார் வீட்டுக்காரர்.

"ஈ மொய்ச்சதைத் தின்னு புள்ளைக்குப் பேதியானா, அம்மா வீட்டுக்கா போவோம்? ஆஸ்பத்திரிக்குத்தாங்க!" என்பாள் மனைவி. அவள் சொல்வதே சரி.

எதைக் கட்டலாம்? புளிச்சோறு, பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. புளிப்பு, கிருமி பெருகுவதைக் குறைக்கும். ஆறவைத்துக் கட்டி, நண்பகலுக்குள் சாப்பிட்டுவிடுங்கள். தேங்காய்ச் சட்னி, முட்டை, கறி சீக்கிரம் கெடும். கொதித்து ஆறிய தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும்.

ஓட்டலில் சாப்பிட நேர்ந்தால், கண்ணெதிரே ஆவி பறக்கும் இட்லி, தோசை நல்லது. வெட்டி வைத்த பழம் வேண்டாம். சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

மீறிப் பேதியானால் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். பொட்டலம் இல்லையா? 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். இரத்தம் கலந்து போனாலோ, குழந்தை துவண்டாலோ தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கையில் கட்டுச்சோறு இருந்தால் கவலையில்லாமல் ஊர் சேரலாம்!