நார்ச்சத்து: டின்னிலா, வீட்டுத்தோட்டத்திலா?



சொந்தக் காணியை விட்டு வந்தபின் நமது சாப்பாடும் மாறிவிட்டது. குரக்கன், பயறு, கீரை குறைந்தன. கோதுமை மா ரொட்டியும் வெள்ளைச் சோறும் சீனித் தேநீரும் கூடின. சீனி வருத்தம் வந்தவர்கள், உடம்பு பருத்தவர்கள் சிலர் டின்னில் விற்கும் நார்ச்சத்து மாவை வாங்குகிறார்கள். நாட்சம்பளத்தை அதற்குக் கொடுக்கத்தான் வேண்டுமா?

நார்ச்சத்து என்பது தாவர உணவில் நம் வயிற்றில் சமிபாடடையாத பகுதி. அதில் ஒரு வகை நீரில் ஊறிக் களி போலாகும். அதனால் சாப்பாட்டிலுள்ள சீனி இரத்தத்தில் மெதுவாகவே சேரும். வயிறும் விரைவில் நிறையும். மற்ற வகை மலச்சிக்கலைத் தடுக்கும்.

வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் கூறியது. 100 கிராம் வெள்ளைச் சோற்றில் அரைக் கிராம்கூட இல்லை. அதே அளவு அவித்த கடலையில் 7 கிராமுக்கு மேலும், குரக்கன் மாவில் ஏறத்தாழ 11 கிராமும் உண்டு.

அமெரிக்காவில் நீரிழிவுள்ள 13 பேரை வைத்து நடத்திய ஆய்வொன்று 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. 6 வாரம் நாளுக்கு 24 கிராம் நார்ச்சத்தும், வேறு 6 வாரம் 50 கிராமும் கொடுத்தார்கள். 50 கிராம் உண்ட வாரங்களில் இரத்தச் சீனி குறைந்தது. அந்த நார்ச்சத்து வந்தது டின்னிலிருந்தல்ல, சாதாரண உணவிலிருந்தே.

இசப்பகோல் போன்ற தூளும் இரத்தச் சீனியை ஓரளவு குறைக்கும்; ஆனால் உடல் எடையைப் பெரிதாகக் குறைக்காது. எடுப்பதானால் நிறையத் தண்ணீருடன் எடுங்கள். இல்லாவிட்டால் தொண்டையில் அடைக்கலாம். விழுங்கச் சிரமப்படுவோர் தவிர்க்க வேண்டும். மருந்துக் குளிசையோடு சேர்த்து எடுக்கக் கூடாது. இடைவெளி எவ்வளவு என்று கிளினிக்கில் கேளுங்கள். தூளை நம்பிக் குளிசையை நிறுத்துவது ஆபத்து.

செய்யக்கூடியவை:

1. சோற்றைக் குறைத்து, கடலை அல்லது பயறு சேருங்கள்.
2. கோதுமை மாவோடு குரக்கன் மா கலந்து ரொட்டி சுடுங்கள்.
3. விற்பதற்கு முன் போஞ்சி, கோவா, கரட்டில் ஒரு பங்கை வீட்டுக்கு எடுத்து வையுங்கள்.
4. காணி இல்லாவிட்டாலும் சாக்கில் மண் நிரப்பிக் கீரை போடலாம்.
5. தேநீரில் சீனியைக் குறையுங்கள்.

நார்ச்சத்தைத் திடீரென்று கூட்டினால் வயிறு ஊதும், படிப்படியாகக் கூட்டுங்கள்.

குழுவில் கலந்துரையாட:

நேற்று நம் வீட்டில் சமைத்தவற்றில் நார்ச்சத்துள்ளவை எவை? ஒரு டின்னின் விலைக்கு எத்தனை கிலோ கடலை வாங்கலாம்?