நடுக்களத்து நாயகி

கேள்வி: கால்பந்தில் கோல் போடுகிறவருக்கே கீர்த்தி, நடுக்களத்தில் ஓடிக் களைக்கும் பெண்ணுக்கு என்ன மிஞ்சும்?

பதில்: ஜப்பானின் ஹொமாரே ஸவாவைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். 15 பிராயத்தில் தேசிய அணியில் புகுந்து, ஆறு உலகக் கோப்பைகளில் ஆடிய அந்த அம்மாள், 2011-இல் பிராங்க்பர்ட் நகரில் அமெரிக்காவுடன் நடந்த இறுதியாட்டத்தில், தோல்வி அநேகமாக நிச்சயமென்று தோன்றிய 117-ஆவது நிமிஷத்தில், சக ஆட்டக்காரி மியாமா உதைத்த கார்னர் பந்தை நோக்கி முன்கம்பத்தருகே பாய்ந்து, வலது பாதத்தின் புறப்பக்கத்தால் லேசாகத் தட்டி வலைக்குள் திருப்பினார். எத்தனை முறை பார்த்தும் அந்தக் கால் எப்படி அங்கே எட்டிற்று என்பது எனக்குப் பிடிபடவில்லை. பெனால்டியில் ஜப்பான் வென்றது; 5 கோல்களுக்கான தங்கக் காலணியும், சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. 2015 டிசம்பரில், தமது கடைசி ஆட்டத்திலும், இன்னொரு கார்னர் பந்தைத் தலையால் முட்டி, உள்நாட்டுப் போட்டியான பேரரசி கோப்பையைத் தம் கோபே அணிக்கு வாங்கித் தந்துவிட்டே விடைபெற்றார்.