விலை குறைந்த கேமிங் மவுஸ் வாங்கும் முன்

பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் டிபிஐ (மவுஸின் உணர்திறன்) எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். துப்பாக்கிச் சுடும் விளையாட்டுகளில் கைதேர்ந்தவர்களே பெரும்பாலும் 400 முதல் 1600 வரைதான் வைத்து ஆடுகிறார்கள். எடையைப் பாருங்கள். லாஜிடெக் ஜி102 மவுஸ் 85 கிராம்; ரேஸர் வைப்பர் மினி, வயர் நீங்கலாக, 61 கிராம். மணிக்கணக்கில் ஆடினால் இந்த வித்தியாசம் மணிக்கட்டில் தெரியும்.

அதைவிட முக்கியம் வயர். விறைப்பான ரப்பர் வயர் மேசை விளிம்பில் சிக்கிச் சிக்கி இழுத்தால், மவுஸ் எவ்வளவு லேசாக இருந்தும் பயனில்லை. ஷூ லேஸ் போல் துவளும் துணியுறை வயராகத் தேடுங்கள்.

கடையிலேயே கையில் எடுத்து இரு பக்கமும் அழுத்திப் பாருங்கள். கிறீச்சென்று சத்தம் வந்தால் வேண்டாம். குலுக்கும்போது சக்கரம் லேசாகக் கடகடப்பது சகஜம்தான். கம்ப்யூட்டரில் செருகி, ஒரு ஃபோல்டரின் மேல் ஒரே ஒரு க்ளிக் செய்யுங்கள். அது திறந்துகொண்டால், ஒரு க்ளிக் இரண்டாகப் பதிவாகிறது என்று பொருள்; சுவிட்ச் கோளாறு. இந்தக் கோளாறு சில மாதம் கழித்தும் வரும், அதனால் பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

போலிங் ரேட் 1000 ஹெர்ட்ஸ் இருக்கட்டும். மவுஸின் அசைவு மில்லிசெகண்டுக்கு ஒரு முறை கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும். 125 ஹெர்ட்ஸ் மவுஸில் அதற்கு 8 மில்லிசெகண்ட் ஆகும்.