தானே ஒளிரும் பலகையும் அதனைக் கையாளும் முறையும்

பெருங்கட்டடமொன்றிலே தீ மூளுமிடத்து மின்னொளி அவிந்துபோதல் உண்டு. அவ்விருளிலும் வெளியேறும் வாயிலைக் காட்டுதற்பொருட்டு, மின்சாரம் வேண்டாது தாமே ஒளிரும் பலகைகள் ஐக்கிய அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளிலே பள்ளிகளிலும் அரங்குகளிலும் பொருத்தப்பட்டுள்ளன. உயிர்காக்க அமைந்த அப்பலகை உடைந்தவிடத்துச் செய்யத்தக்கன யாவை, தகாதன யாவை என்பதே ஈண்டு ஆராயப்படும்.

அப்பலகையினுள்ளே மெல்லிய கண்ணாடிக் குழாய்கள் உள. அவற்றுள் அடைக்கப்பட்டிருப்பது திரித்தியம் என்னும் வாயு. இஃது ஐதரசனின் சமதானிகளுள் ஒன்று. ஆவர்த்தன அட்டவணையிலே ஒரே தானத்தில் அமர்வன ஆதலின் சமதானி என்பது காரணப்பெயர். சாதாரண ஐதரசனின் கருவில் ஒரு புரோத்தன் மட்டுமே உண்டு; திரித்தியத்தின் கருவில் அதனுடன் இரு நியூத்திரன்களும் உள. நிலையற்ற அக்கரு சிதைந்து பீற்றாத் துணிக்கையை வெளியிட, அது குழாயின் உட்புறத்துப் பூசிய பொடியிற் பட்டு ஒளி பிறக்கும்.

அத்துணிக்கை வலிகுன்றியது. காற்றிலே ஏறத்தாழ 6 மில்லிமீற்றருக்கு அப்பாற் செல்லாது, தோலையும் ஊடுருவாது. ஆதலின் உடையாத பலகையால் ஊறில்லை. உடைந்தபோதோ நிலை வேறு. வாயுவின் பெரும்பகுதி காற்றோடு கலந்து அகன்றுவிடும். ஒட்சிசனோடு சேர்ந்து நீராகிய பகுதி மூச்சு, வாய், தோல் என்னும் மூவழியாலும் உடலினுட் புகும். புறத்தே நின்று தோலைக் கடக்கமாட்டாத கதிர், அகத்தே புகுந்தபின் உயிர்க்கலங்களை அருகிருந்தே தாக்கும்.

உடைந்த பலகையைக் காண்போர் மேற்கொள்ளவேண்டிய முறைகள் வருமாறு:

1. துண்டங்களைத் தொடலாகாது. பெருக்குதலும் தூசியுறிஞ்சும் பொறியைச் செலுத்துதலும் ஆகா.

2. யாவரும் அவ்விடம்விட்டு நீங்குக. வெளிக்காற்று உட்புகச் சாளரங்களைத் திறந்து, பிறர் நுழையாவாறு தடுக்க.

3. கைகளை நன்கு கழுவுக. அதற்குமுன் உண்ணுதலும் புகைத்தலும் கூடா.

4. கதிர்ப்பாதுகாப்பு அதிகாரிகளுக்கு உடனே அறிவிக்க. துண்டங்களை அகற்றுதல் பயிற்சிபெற்றோர் தொழில்.

5. அருகிருந்தோர் மருத்துவரை நாடுக. சிறுநீர்ச் சோதனையால் உட்புகுந்த அளவு புலப்படும். உட்புகுந்த திரித்திய நீரிற் பாதி ஏறத்தாழ 10 நாளில் நீங்கும். மருத்துவர் விதித்தவாறு நீர் மிகுதியாக அருந்தின் விரைந்து நீங்கும்.

ஒளி மங்கிய பலகையை வெறும் பலகையென எண்ணுதல் மற்றொரு தவறு. திரித்தியத்தின் அரைவாழ்வுக் காலம் 12.3 ஆண்டு. எனவே 25 ஆண்டு கழிந்தபின்னும் காற்பங்கு எஞ்சியிருக்கும். அமெரிக்காவிலே இதனைப் பொதுக் குப்பையில் இடுதல் சட்டவிரோதம். உற்பத்தியாளரிடமோ உரிமம் பெற்றோரிடமோ ஒப்படைத்தல் வேண்டும். ஆயினும் ஆங்கொரு பெருவணிக நிறுவனம் தன் பலகைகளுள் ஏறத்தாழ 15,800 ஐக் காணவில்லையென அறிவித்தது. அதன்மேல் 2009 இல் அந்நாட்டு அணு ஒழுங்காற்று ஆணைக்குழு, 500 பலகைகளும் அதற்கு மேலும் உடையாரிடம் கணக்குக் கேட்டது. இழந்த பலகை குப்பைமேட்டிற் சிதைந்தால் அதன் திரித்தியம் நீரோடு கலக்கும். இடிக்கப்படும் கட்டடத்திற் கிடந்தால் சிறுவர் கைக்கு விளையாட்டுப் பொருளாகும்.

கடல்கடந்து வாழும் எம் பழைய மாணவர் பலர் இத்தகைய வாயில்களை நாடோறும் கடக்கின்றனர். அங்கே கல்வி பயிலச் செல்லும் மாணவரும் இதனை அறிந்துகொள்க. பலகையில் ஒட்டிய குறிப்பை முதலில் வாசியுங்கள். கதிர்த்தொழிற்பாட்டை உணர்த்தும் மூவிதழ்க் குறி அங்கே காணப்படின், தாமாக அதனைக் கழற்றாது பொறுப்புடையோர்க்கு உரைப்பதே கற்றவர் கடமையாகும்.