நாய்க்குச் சொறி: வேப்பெண்ணெய் போதுமா?

கேள்வி: எங்கள் நாட்டு நாய்க்குக் காதோரத்திலும் முழங்கையிலும் முடி கொட்டிச் சொறி வந்திருக்கிறது. இரவெல்லாம் சொறிகிறது. வேப்பெண்ணெயும் மஞ்சளும் பூசினால் போதுமா?

பதில்: போதாது. நீங்கள் சொல்லும் இடங்களைப் பார்த்தால், தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும் நுண்ணிய சிற்றுண்ணியாக இருக்கலாம். காது மடலின் ஓரத்தை மடித்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். பின்னங்கால் தானாகச் சொறிவதுபோல ஆடினால் சந்தேகம் வலுக்கிறது. மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார். மயிர்க்கால்களில் வாழும் இன்னொரு வகைச் சிற்றுண்ணியாக இருந்தால் சிகிச்சை நீளும்.

இப்போது ஃப்ளூரலனர், அஃபோக்ஸலனர் போன்ற மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன. வலிப்பு வந்த நாயானால் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஐவர்மெக்டின் மருந்தை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். கோலி இன நாய்களுக்கு அது உயிருக்கே ஆபத்து.

வேப்பெண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் கலந்து துணைக்குப் பூசலாம், நக்காமல் பார்த்துக்கொண்டால். மஞ்சளும் துணைக்குத்தான். ஆனால் கற்பூரம் சேர்க்காதீர்கள், அது நாய்க்கு நஞ்சு. எருக்கம்பால், மண்ணெண்ணெய், வண்டியின் கழிவு எண்ணெய் எதுவும் வேண்டாம். கழிவு எண்ணெய் தடவிய நாய் அதை நக்கியே நோயாளியாகிவிடும். பாவம், அதற்குச் சொல்லத் தெரியாது.

படுக்கைச் சாக்கை வெந்நீரில் அலசுங்கள். வீட்டிலுள்ள மற்ற நாய்களுக்கும் சேர்த்தே மருந்து கொடுங்கள். உங்கள் கையிலும் அரிப்பு வந்தால், தோல் மருத்துவரிடம் நாயைப் பற்றியும் சொல்லுங்கள்.