அடியில் இரண்டு துளை உள்ள மாடு

கேள்வி: பினாங்கில் வேலை பார்த்த தாத்தா கொண்டுவந்த சின்ன மாட்டுப் பொம்மை ஒன்று எங்கள் வீட்டு அலமாரியில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜப்பான் தந்தம் என்பார். அடியில் இரண்டு துளை, ஏதோ எழுத்து. போன மாதம் அப்பா காலமானபின் என் பொறுப்புக்கு வந்தது. ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். என்ன விலை போகும்?
- வாசகி, வரதராஜன்பேட்டை

பதில்: ஊசி வேண்டாம். தந்தத்தில் வடு விழும், பிறகு போகாது. நல்ல லென்ஸ் போதும். அடிப்பக்கத்தில் மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்கும் வலைபோல் ஓடினால் யானைத் தந்தம். கரும்புள்ளிகள் தெரிந்தால் எலும்பு. அச்சில் வார்த்த தையல் விளிம்பு இருந்தால் பிளாஸ்டிக் வகை. அதற்குச் சட்டச் சிக்கலும் இல்லை, பெரிய விலையும் இல்லை.

துளைகளைச் சொன்னீர்களே, அதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. கிமோனோவில் பை கிடையாது. புகையிலைப் பையையும் மருந்துச் செப்பையும் கயிற்றில் கோத்து இடுப்புக்கச்சையில் தொங்கவிடுவார்கள். கயிறு நழுவாமல் மேலே தடுத்து நிற்கும் குமிழ்தான் நெட்சுகே. பெரும்பாலும் ஒரு துளை பெரிதாக இருக்கும், முடிச்சு உள்ளே மறைய. கயிறு உரசி விளிம்பு மழுங்கியிருக்கிறதா, மாட்டின் முதுகும் வயிறும் கைபட்டு வழவழத்திருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள். விளிம்பு கூராக, பள்ளங்களில் மட்டும் பழுப்புச் சாயம் அப்பியிருந்தால் வயதேற்றிய புதுச்சரக்கு. எழுத்தை நம்பாதீர்கள். படுத்த மாடு செய்வதில் பேர்பெற்ற கியோத்தோ சிற்பி தோமொதாதாவின் பெயரைப் பொறித்த போலிகள் ஏராளம்.

இனி விலை. தந்தம் என்றால் இந்தியாவில் அதற்கு விலையே இல்லை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, வெளிநாட்டிலிருந்து வந்த தந்தப்பொருளையும் விற்கக்கூடாது. நூறு வருஷப் பழசு என்பதும் செல்லாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கைக்கு வந்த 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அப்பாவோ தாத்தாவோ உரிமைச் சான்று வாங்கியிருக்கிறார்களா என்று பழைய காகிதங்களைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு வக்கீலைக் கேட்டுக்கொண்டு, நாலு பக்கமும் எடுத்த படங்களோடு வனத்துறை அலுவலகத்துக்குப் போங்கள். அதுவரை படத்தை விற்பனைத் தளம் எதிலும் போடாதீர்கள். விலை கேட்டுச் சொல்கிறேன் என்று வருகிறவர் கையில் பொம்மையைக் கொடுத்தும் அனுப்பாதீர்கள்.