திரை இருட்டாக இருக்கிறதே!

மாலை 5 மணி. மகளிர் குழுவின் அறை. பெரியக்கா கம்ப்யூட்டர் சுவிட்சைப் போட்டார். பெட்டிக்குள் விசிறி சுற்றியது. "பீப், பீப்" என்று ஒலி கேட்டது. ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை. ஒரே இருட்டு.

பெரியக்காதான் குழுவின் பொருளாளர். 18 பெண்களின் சேமிப்புக் கணக்கு அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. மறுநாள் காலை வங்கி அதிகாரி வருகிறார். கணக்கைப் பார்த்த பிறகுதான் கடன் தருவார்கள். அந்தக் கடனை நம்பி இரண்டு பேர் கறவை மாட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டார்கள்.

பழுது பார்க்கும் கடைக்குப் பெரியக்கா போன் செய்தார். "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். 2000 ரூபாய் ஆகும்" என்றார் கடைக்காரர். பெட்டியைப் பார்க்காமலே சொன்னார்.

பெரியக்காவுக்குக் கண் கலங்கியது. அப்போது எதிர் வீட்டுப் பெண் வந்தாள். அவள் ஐ.டி.ஐ.யில் கம்ப்யூட்டர் படிக்கிறாள்.

"கணக்கெல்லாம் போச்சா கண்ணு?" என்று கேட்டார் பெரியக்கா.

"இல்லை அத்தை. கணக்கு இருப்பது பெட்டிக்குள், ஹார்டு டிஸ்கில். திரை இருட்டானதால் கணக்கு அழியாது. வீட்டில் விளக்கு அணைந்தால் அலமாரியில் இருக்கும் பணம் காணாமல் போகுமா?"

பெரியக்காவுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

"இதை யாராவது நகர்த்தினீர்களா?"

"நேற்று அறைக்கு வெள்ளை அடித்தோம். மேசையோடு தூக்கி வெளியே வைத்தோம்."

"அப்படியானால் ஏதாவது தளர்ந்திருக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நான் சொல்கிறேன். நீங்களே செய்யுங்கள்."

1. விளக்கைப் பார்ப்போம்

"மானிட்டரில் சின்ன விளக்கு எரிகிறதா?"

"எரிகிறது. ஆரஞ்சு நிறம்."

"அப்படியானால் மானிட்டருக்கு மின்சாரம் வருகிறது. பெட்டியிலிருந்து படம்தான் வரவில்லை. பல மானிட்டர்களில் ஆரஞ்சு விளக்குக்கு இதுதான் பொருள். விளக்கே எரியாவிட்டால் பிளக்கையும் சுவிட்சையும் பார்க்க வேண்டும். மானிட்டருக்குத் தனியாக ஒரு பட்டன் உண்டு. அதையும் அழுத்திப் பார்க்க வேண்டும்."

2. கேபிளைப் பார்ப்போம்

சுவிட்சை அணைத்தார்கள். மானிட்டரிலிருந்து பெட்டிக்குப் போகும் கேபிளின் இரண்டு முனைகளையும் பெரியக்கா தொட்டுப் பார்த்தார். ஒரு முனையில் திருகு தளர்ந்திருந்தது. முறுக்கினார். மீண்டும் சுவிட்சைப் போட்டார். திரை அப்படியே இருட்டாக இருந்தது.

"பெட்டியின் பின்னால் கேபிள் மாட்ட எத்தனை இடம் இருக்கிறது?"

"ஒன்றுதான்."

"சரி. சில பெட்டிகளில் தனி டிஸ்பிளே கார்டு இருக்கும். அப்போது கேபிளை அந்தக் கார்டில்தான் மாட்ட வேண்டும்."

3. கீபோர்டைப் பார்ப்போம்

"கீபோர்டில் நம்லாக் பட்டனை அழுத்துங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்து அணைந்தால் பெட்டி வேலை செய்கிறது என்று பொருள். அப்போது மானிட்டரையும் கேபிளையும்தான் சந்தேகப்பட வேண்டும்."

விளக்கு மாறவில்லை. "பீப், பீப்" ஒலி மட்டும் விடாமல் வந்தது.

"பெட்டி நம்மிடம் ஏதோ சொல்கிறது அத்தை. ராம் சரியாக உட்காராவிட்டால் இப்படி ஒலி வரும். வேறு கோளாறுக்கும் வரலாம். எல்லாப் பெட்டியிலும் இந்த ஒலி இருக்காது."

"ராமா? அது என்ன?"

"சின்னப் பட்டைப் பலகை. வேலை நடக்கும்போது மட்டும் விவரங்களை நினைவில் வைத்திருக்கும். அதைக் கழற்றினாலும் ஹார்டு டிஸ்கில் உள்ள கணக்கு அழியாது."

4. ராமைப் பார்ப்போம்

முதலில் சுவிட்சை அணைத்தார்கள். பிளக்கைப் பிடுங்கினார்கள். பெட்டியின் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தார்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரத்தைக் குறைக்க இது உதவும்.

பக்கத் தகட்டைக் கழற்றினார்கள். பெரியக்கா பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டார். நம் உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் ராமைக் கெடுத்துவிடும். இரும்பைத் தொட்டால் அது போய்விடும்.

ராமின் ஒரு பக்கம் சற்று மேலே எழும்பி நின்றது! பெரியக்கா பூட்டுகளைத் திறந்து ராமை வெளியே எடுத்தார். அதன் பொன்னிற ஓரத்தை விரலால் தொடவில்லை. காய்ந்த மெல்லிய துணியால் மெதுவாகத் துடைத்தார். பள்ளத்தைப் பார்த்து நேராக வைத்தார். இரண்டு பக்கமும் சமமாக அழுத்தினார். "டக்" என்று பூட்டு விழுந்தது.

தகட்டை மூடி, சுவிட்சைப் போட்டார். திரையில் வெளிச்சம் வந்தது. கணக்கும் வந்தது. 18 பெயர்களும் அப்படியே இருந்தன.

"2000 ரூபாய் மிச்சம்!" என்று சிரித்தார் பெரியக்கா.

"இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது அத்தை. கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். ஹார்டு டிஸ்க் என்றைக்காவது கெட்டுப் போகலாம். அப்போது நகல்தான் நம்மைக் காப்பாற்றும்."

அன்று முதல் ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் பெரியக்கா நகல் எடுக்கிறார். நோட்டிலும் எழுதி வைக்கிறார்.

நினைவில் கொள்வோம்

* ஈரக் கையால் தொடக்கூடாது. பிளக்கைப் பிடுங்காமல் பெட்டியைத் திறக்கக்கூடாது.
* பெட்டிக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் இரும்புப் பெட்டி ஒன்று உண்டு. அதையும் மானிட்டரையும் நாம் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் மின்சாரம் தங்கியிருக்கும்.
* கருகல் வாடை, புகை, ஷாக் இருந்தால் உடனே மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.
* மெக்கானிக்கிடம், "முதலில் கணக்கை நகல் எடுங்கள். எங்களைக் கேட்காமல் எதையும் அழிக்காதீர்கள்" என்று சொல்ல வேண்டும்.

பேசிப் பார்ப்போம்

1. திரை இருட்டானபோது கணக்கு ஏன் அழியவில்லை?
2. பெட்டியைத் திறக்கும் முன் பெரியக்கா என்னென்ன செய்தார்?
3. உங்கள் குழுவின் கணக்குக்கு நகல் இருக்கிறதா? அது யாரிடம் இருக்கிறது?